பம்பரத்தில் இரண்டாவது ப: எஸ்டேட் பிள்ளைகளுக்கு ஆங்கில டியூஷன் எடுப்பது எப்படி?

நீலகிரி மாவட்டத்தில், பந்தலூரிலிருந்து சேரம்பாடி போகிற வழியில், தேயிலைத் தோட்டத்துக்கு நடுவே எங்கள் வீடு. அதன் முன்னறையில் 2012 முதல் ஆங்கில டியூஷன் எடுக்கிறேன். அதற்கு முன் 11 வருடம் தனியார் பள்ளியில் வேலை. வருடத்துக்கு இரண்டு மூன்று பேராவது, பெரும்பாலும் பி.எட். முடித்துவிட்டு வீட்டில் இருக்கும் பெண்கள், "நானும் டியூஷன் ஆரம்பிக்கலாம்னு இருக்கேன், என்ன செய்யணும் டீச்சர்?" என்று வந்து கேட்கிறார்கள். அவர்களிடம் வாசலில் நின்று சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பள்ளியில் ஆசிரியராக இருந்துகொண்டே டியூஷன் எடுக்கலாம் என்று நினைக்காதீர்கள். 2009-ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டத்தின் 28-ஆம் பிரிவு அதைத் தடை செய்கிறது. நான் வேலையை விட்ட பிறகுதான் போர்டு மாட்டினேன்.

நேரத்தை யானையிடம் கேளுங்கள்

சமவெளியில் டியூஷன் என்றால் ஆறரை மணிக்கு ஆரம்பித்து எட்டரைக்கு முடிப்பார்கள். இங்கே அது நடக்காது. பள்ளிவிட்டு, பஸ் பிடித்து, பிள்ளை வீட்டுக்கு வரவே ஐந்தாகிவிடும். இருட்டியபின் எந்தப் பாதையில் யானை நிற்கும் என்று யாருக்கும் தெரியாது. என் வகுப்பு ஐந்து மணி முதல் ஆறேகால் வரை, திங்கள் முதல் வெள்ளி வரை. சனிக்கிழமை காலை ஒன்பதரைக்குத் தொடங்கி மதியம் வரை. நிதானமாகச் சொல்லித்தர வேண்டியதையெல்லாம் சனிக்கிழமைக்கு வைத்துக்கொள்கிறேன்.

பெற்றோர் வாட்ஸ்அப் குழு கண்டிப்பாக வேண்டும். வீட்டுப்பாடம் அனுப்புவதற்கில்லை. "ஃபேக்டரி வளைவுல ரெண்டு நிக்குது, புள்ளைங்கள விடாதீங்க" என்று யாராவது குரல் செய்தி போடுவார்கள், அதற்காக. அன்றைக்கு அப்பாக்கள் டார்ச்சோடு வந்து கூட்டிப்போகும் வரை பிள்ளைகள் உள்ளேயே இருப்பார்கள். வீட்டருகே பலா மரம் இருந்தால் காய் முற்றும் முன்பே இறக்கிவிடுங்கள். வாசனை கிளம்பிவிட்டால் உங்கள் வாசலுக்கே விருந்தாளி வந்துவிடும்.

ஜூன், ஜூலையில் மழைக்காகக் கலெக்டர் விடுமுறை விட்டால் டியூஷனுக்கும் விடுமுறைதான். மண் சரிகிற பாதையில் பிள்ளையை வரவழைத்துப் பாடம் நடத்தும் வீரம் யாருக்கும் வேண்டாம்.

எந்த வகுப்பு என்று கேட்காதீர்கள்

புதிதாக வரும் பிள்ளையிடம் நான் முதலில் மூன்று தாள் நீட்டுவேன். முதல் தாளில் ஆங்கில எழுத்துகள் மட்டும், வரிசை கலைத்து. இரண்டாவதில் மூன்றெழுத்து, நான்கெழுத்துச் சொற்கள். மூன்றாவதில் ஆறு வரியில் ஒரு சின்னக் கதை. எந்தத் தாளில் பிள்ளை நிற்கிறதோ அங்கிருந்துதான் பாடம். ஒன்பதாம் வகுப்புப் பையன் இரண்டாவது தாளில் நிற்பது இங்கே அதிசயமே இல்லை. அவனிடம் ஒன்பதாம் வகுப்புப் புத்தகத்தைத் திறந்து பொருள் சொன்னால், தலையாட்டிவிட்டு நோட்டில் எழுதிக்கொள்வான். மறுநாள் அதை அவனாலேயே வாசிக்க முடியாது.

இந்தச் சோதனையை மற்ற பிள்ளைகள் முன்னால் செய்யாதீர்கள். நான் அடுப்படியில் உட்காரவைத்துச் செய்வேன். கையில் ஒரு டம்ளர் டீயும் இருக்கும். இரண்டாவது தாளில் நின்ற பெரிய பையனை நாலாம் வகுப்புப் பிள்ளைகளோடு உட்கார வைக்கவும் கூடாது, அடுத்த வாரம் வரமாட்டான். அவனுக்குச் சனிக்கிழமை முதல் அரை மணி நேரம் தனியாக.

பம்பரமும் தங்கமும்

எழுத்தின் பெயரைச் சொல்லிக் கொடுத்தால் வாசிப்பு வராது, ஒலியைச் சொல்லிக் கொடுக்க வேண்டும். இதை எனக்குப் புரியவைத்தது மூன்றாம் வகுப்புப் பிள்ளை ஒன்று. பூனைப் படத்தின் கீழே இருந்த சொல்லைக் காட்டி, "சி, ஏ, டி சேர்ந்தா சியேட்டினுதானே டீச்சர் வரணும், எப்படி கேட் ஆகும்?" என்றாள். நியாயமான கேள்வி. ஆங்கிலத்தில் எழுத்து 26, ஒலி கிட்டத்தட்ட 44. எழுத்தும் ஒலியும் ஒன்றுக்கொன்று அளந்து தைத்தவை அல்ல என்பதை முதல் வாரத்திலேயே சொல்லிவிட வேண்டும். அதன்பிறகு 'சி' என்ற எழுத்தைக் கண்டால் பெயரைச் சொல்லாமல், க் என்று ஒலியை மட்டும் சொல்லப் பழக்குங்கள்.

அடுத்த சிக்கல் நம் எழுத்தில் இருக்கிறது. பேனா என்பதன் ஆங்கிலச் சொல்லுக்கும் பஸ் என்ற சொல்லுக்கும் முதலெழுத்து வேறு வேறு. அந்த இரண்டு எழுத்தின் பெயரையும் தமிழில் எழுதிப் பாருங்கள், இரண்டும் 'பி' என்றுதான் வருகிறது. பிள்ளைகள் மாற்றி மாற்றி எழுதுவதற்கு அதுதான் காரணம், சோம்பேறித்தனம் இல்லை. ஆனால் அந்த இரண்டு ஒலியும் நம் வாயில் ஏற்கெனவே இருக்கிறது. "பம்பரம்னு சொல்லு" என்பேன். சொல்வார்கள். "முதல் பவும் ரெண்டாவது பவும் ஒண்ணா?" என்று கேட்டால் ஒரு நிமிஷம் அறை முழுக்க பம்பரம், பம்பரம் என்று முணுமுணுப்பு. பிறகு யாராவது ஒருத்தி கண்ணை விரித்து, "இல்ல டீச்சர், ரெண்டாவது வேற!" என்பாள். தொண்டையில் இரண்டு விரலை வைத்துச் சொல்லச் சொல்லுங்கள். இரண்டாவது ப-வுக்கு விரலில் அதிர்வு தெரியும். பஸ்ஸுக்கு வருவது அந்த இரண்டாவது ப. இதே மாதிரி தங்கத்தில் வரும் க, வண்டியில் வரும் ட, மஞ்சளில் வரும் ச. இந்த நாலையும் பிடித்துவிட்டால் பாதிக் குழப்பம் போய்விடும். என் வகுப்பில் யாராவது எழுத்து மாற்றி எழுதினால் நான் திருத்துவதில்லை. பக்கத்துப் பிள்ளையே "டேய், பம்பரத்துல ரெண்டாவது" என்று சொல்லிவிடும்.

மழைக்காலத்தில் கரண்ட் போவது இங்கே வழக்கம். அப்போது மெழுகுவர்த்தியை வாய்க்கு ஒரு சாண் தள்ளி வைத்து, பேப்பர் என்பதை ஆங்கிலத்தில் சொல்வது போல முதல் எழுத்தில் காற்றைத் தள்ளிச் சொன்னால் சுடர் ஆடும். பஸ் என்றால் அவ்வளவாக ஆடாது. கரண்ட் வந்த பிறகும் மெழுகுவர்த்தியை அணைக்க விடமாட்டார்கள்.

பிள்ளைகள் எல்லாரும் வீட்டில் தமிழ் பேசுகிறவர்கள் இல்லை என்பதையும் மறந்துவிடாதீர்கள். என் முன்னறையிலேயே மலையாளம் பேசும் வீட்டுப் பிள்ளைகள் உண்டு, பணியர் என்ற பழங்குடியினரின் குடியிருப்பிலிருந்து வருகிறவர்கள் உண்டு. கோத்தகிரி, குன்னூர்ப் பக்கம் டியூஷன் வைத்தால் படுக மொழி பேசும் பிள்ளைகள் வருவார்கள். ஹட்டி (ஊர்), ஹெத்தை (அவர்கள் தெய்வம்) என்று வீட்டில் சொல்லிப் பழகிய பிள்ளைக்கு 'ஹ' ஒலியைத் தனியாகச் சொல்லித்தர வேண்டியதே இல்லை. பணியர் வீட்டுப் பிள்ளைக்குத் தமிழே இரண்டாவது மொழி. அதில் விளக்கி ஆங்கிலத்தைப் புரியவைப்பது, தெரியாததைத் தெரியாததால் விளக்குவது. அவர்களுக்குப் படம், சைகை, கையில் பொருள். அப்படி ஒரு பையன் ஐந்து மாதம் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. ஆறாவது மாதம், நான் தேன் பாட்டிலைத் தூக்கிக் காட்டியபோது ஆங்கிலத்தில் ஒரே ஒரு சொல் சொன்னான், அது சரியாகவும் இருந்தது. நான் கைதட்டவில்லை. தட்டியிருந்தால் மறுபடி மூடிக்கொண்டிருப்பான்.

மூன்று பேர் இடம் மாறும் விளையாட்டு

வாக்கியத்துக்கு வருவோம். இலக்கணப் பெயர்களைச் சொல்லாதீர்கள், மூன்று பிள்ளைகளை நிற்க வையுங்கள். ஒருத்தி கையில் 'பாட்டி' என்று எழுதிய சிலேட்டு, இன்னொருவன் கையில் 'டீ', மூன்றாவது ஆளிடம் 'குடிக்கிறாள்'. தமிழில் வரிசை சரி. இப்போது "இங்கிலீஷ்!" என்று நான் கத்தினால் கடைசி இரண்டு பேரும் இடம் மாறி நிற்க வேண்டும். பாட்டி, குடிக்கிறாள், டீ. அப்புறம்தான் சிலேட்டைத் திருப்பி ஆங்கிலச் சொல்லைக் காட்டுவோம். இதே போல் 'மேசை', 'மேல்' என்று இரண்டு பேரை நிறுத்தி மாற்றினால் 'ஆன் த டேபிள்'. ஒரு மாதம் இதை ஆடினால் வினைச்சொல்லைக் கடைசியில் கொண்டுபோய் வைக்கும் பழக்கம் போய்விடும். உட்கார்ந்து எழுதும்போதுகூடச் சில பிள்ளைகள் விரலால் இரண்டு சொல்லை இடம் மாற்றிப் பார்ப்பதைக் கவனித்திருக்கிறேன்.

இரண்டு இடத்தில் கூடுதல் பொறுமை வேண்டும். 'அவன் என் தம்பி' என்றால் தமிழில் வாக்கியம் முடிந்துவிட்டது. ஆங்கிலத்தில் நடுவில் ஒரு கொக்கி மாட்டினால்தான் நிற்கும். இஸ், ஆம், ஆர் மூன்றையும் நான் கொக்கி என்றே சொல்கிறேன். "கொக்கி எங்கடா?" என்றால் உடனே திருத்திக்கொள்வார்கள். இன்னொன்று ஹேவ். 'எனக்கு ஒரு அண்ணன் இருக்கான்', 'என்கிட்ட பேனா இருக்கு' என்று நாம் எல்லாவற்றையும் 'இரு' வைத்தே சமாளிக்கிறோம். ஹேவ் என்பதற்குத் தமிழில் நேரான சொல் இல்லை என்று ஒளிக்காமல் சொல்லிவிடுங்கள். அவரவர் பையில் இருப்பதை எடுத்து எடுத்துக் காட்டி 'ஐ ஹேவ்' சொல்லவைத்தால் போதும். எ, த போன்ற சின்னச் சொற்களை ஆரம்பத்தில் திருத்தவே வேண்டாம். வாசிக்க வாசிக்க அவை தானாக ஒட்டிக்கொள்ளும்.

அப்பாயிக்குத் தெரிந்த ஆங்கிலம்

எங்கள் குடும்பம் 1964 ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்தது. இலங்கையில் இருந்த இந்திய வம்சாவளித் தமிழரில் ஒரு பகுதியினரை இந்தியா திருப்பி அழைத்துக்கொள்ள, இரு நாட்டுப் பிரதமர்கள் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தம் அது. அப்படி வந்தவர்களுக்கு வேலை கொடுக்கத்தான் 1968-இல் அரசு தேயிலைத் தோட்டம் தொடங்கியது. இந்தப் பக்கத்தில் என் வயதுக்காரர்கள் பலருக்கும் இதே கதைதான். எங்கள் அப்பாயிக்கு, அதாவது அப்பாவின் அம்மாவுக்கு, கையெழுத்துப் போடத் தெரியாது. ஆனால் காலையில் வேலைக்கு ஆள் எடுக்கும் இடத்தைப் பெரட்டுக்களம் என்பார். பெரட்டு என்றால் பரேட். பேசி எடுக்கும் வேலையைக் கொந்தரப்பு என்பார். அது கான்ட்ராக்ட். ஃபேக்டரி, டிவிசன், சூப்பர்வைசர் என்று நாள் முழுக்க ஆங்கிலத்தோடுதான் இருந்தார்.

அதனால் புதிதாகச் சேரும் பிள்ளைக்கு நான் கொடுக்கும் முதல் வீட்டுப்பாடம், வீட்டில் பெரியவர்கள் பேசும் சொற்களில் ஆங்கிலத்திலிருந்து வந்ததாகத் தோன்றும் 20 சொல்லைப் பிடித்துவருவது. எழுத்துப்பிழை பற்றிக் கவலை இல்லை, தமிழிலேயே எழுதி வரட்டும். மறுநாள் அதை ஆங்கில எழுத்தில் எழுதிக் காட்டுவேன். பிள்ளை வீட்டுக்குப் போய், "அப்பாயி, நீ சொல்ற பெரட்டு இங்கிலீஷாம்!" என்று வாசித்துக் காட்டும். ஆங்கிலம் டவுனிலிருந்து விலைக்கு வாங்கிவரும் பண்டம் என்ற பயம் அந்த ஒரு நாளில் பாதி குறையும். எழுத்தறியாத வீட்டிலும் பிள்ளை வாசிப்பதை உட்கார்ந்து கேட்க ஒரு ஆள் கிடைத்துவிடுகிறது, அதுதான் பெரிய லாபம்.

நான் செய்த தப்பு

2013-இல் எனக்கு ஒரு வேகம் வந்தது. முன்னறைக்குள் தமிழ் பேசினால் ஒரு ரூபாய் அபராதம் என்று உண்டியல் வைத்தேன். இரண்டு வாரம். உண்டியலில் சேர்ந்தது 23 ரூபாய், அதில் 19 ரூபாய் ஒரே பெண்ணுடையது, அவளுக்குப் பேசாமல் இருக்க முடியாது. மற்றவர்கள் ஆங்கிலம் பேசவில்லை, பேசுவதையே நிறுத்திவிட்டார்கள். ஐந்தாம் வகுப்புப் பையன் ஒருவன், பாத்ரூம் போகணும் என்பதை எப்படிச் சொல்வது என்று தெரியாமல், செருப்பை மாட்டிக்கொண்டு வீட்டுக்கே நடந்துவிட்டான். அவன் அம்மா வந்து கேட்டபோதுதான் எனக்கு விஷயமே தெரிந்தது. உண்டியல் பணத்துக்கு பிஸ்கட் வாங்கிக் கொடுத்து அதைத் தூக்கிப் போட்டேன்.

இப்போது செய்வது இதுதான். பேசுவதற்கென்று பதினைந்து நிமிஷம், அதற்கு மட்டும் ஒரு தலைப்பு. இன்று மதியம் என்ன சாப்பிட்டாய், பஸ்ஸில் யார் பக்கத்தில் உட்கார்ந்தாய், அவ்வளவுதான். சொல் தெரியாத இடத்தில் தமிழ்ச் சொல்லைப் போட்டுக்கொண்டு மேலே போகலாம். 'ஐ ஏட் கீரைக்குழம்பு' முழுமையான வாக்கியம்தான். நடுவில் நிறுத்தித் திருத்தாதீர்கள். வாசிக்கும்போதும் அப்படியே. வாக்கியம் முடியட்டும், பிறகு ஒரே ஒரு தவறை மட்டும் சொல்லுங்கள்.

டவுனில் நடக்கும் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்புகளைப் பற்றியும் கேட்பீர்கள். எல்லாம் மோசம் என்று சொல்லமாட்டேன். என் மாணவி ஒருத்தியின் அண்ணன் 45 நாளுக்கு 6,000 ரூபாய் கட்டிச் சேர்ந்தான். ஜெராக்ஸ் எடுத்த ஒரு புத்தகமும் சான்றிதழும் கொடுத்தார்கள். 'ஹவ் ஆர் யூ' என்றால் சட்டென்று பதில் சொல்வான். 'வேர் டூ யூ லிவ்' என்றால் அதற்கும் 'ஐ ஆம் ஃபைன்' என்பான். அப்பா அந்தப் பணத்தைச் சங்கத்தில் கடன் எடுத்துக் கட்டியிருந்தார். சேருவதற்கு முன் ஒரு வகுப்பில் உட்கார்ந்து பார்க்க விடுவார்களா என்று கேட்கச் சொல்லுங்கள். ஒரு மணி நேரத்தில் யார் அதிகம் பேசுகிறார்கள் என்று பார்த்தாலே தெரிந்துவிடும். சார் மட்டும் பேசினால் அங்கே ஆங்கிலம் வளர்வது சாருக்குத்தான்.

பரீட்சை, காசு

பத்தாம் வகுப்புக்கு இப்போது ஆங்கிலம் ஒரே தாள், 100 மதிப்பெண், தேர்ச்சிக்கு 35. டிசம்பர் வரை வாசிப்பும் எழுத்தும், அரையாண்டு முடிந்தபின் பழைய வினாத்தாள்கள். மனப்பாடக் கட்டுரையைக் கொடுக்காதீர்கள். என் முதல் வருடத்தில் அப்படிக் கொடுத்து, 14 பேரும் எழுத்துப் பிசகாமல் டாக்டர் ஆகும் லட்சியத்தை எழுதிவைத்தார்கள். அதில் பாதிப் பேருக்கு ஊசி என்றாலே பயம். கடிதம், விளம்பரம், படத்தைப் பார்த்து எழுதுவது இவற்றைச் சொந்தமாக எழுத வைத்தாலே மதிப்பெண் வரும். வரைபடம் பார்த்து வழி சொல்லும் கேள்விக்குப் பந்தலூர் பஸ் ஸ்டாண்டிலிருந்து எங்கள் வீட்டுக்கு வழி எழுதச் சொல்வேன். "டீச்சர், கோ ஸ்ட்ரெய்ட்னு எழுத நம்ம ஊர்ல நேர் ரோடே கிடையாதே" என்றான் ஒருவன். சரி, பரீட்சையில் ஊர் நேராக இருக்கும், கவலைப்படாதே என்றேன்.

கட்டணம் உங்கள் விருப்பம். நான் ஐந்தாம் வகுப்பு வரை 300, எட்டு வரை 400, அதற்கு மேல் 500 வாங்குகிறேன். ஒரே வீட்டிலிருந்து இரண்டாவது பிள்ளைக்குப் பாதி. ஒன்றாம் தேதி கேட்காதீர்கள். இங்கே சம்பளம் கைக்கு வந்து, கடைக்கணக்கு தீர்த்து, பிறகுதான் மிச்சம் தெரியும். எனக்கு 12-ஆம் தேதி. தாமதமானால் பிள்ளையிடம் கேட்கவே கூடாது, அம்மாவிடம் மட்டும். ஒரு வேளைக்கு 12 பிள்ளைக்கு மேல் சேர்க்காதீர்கள், முன்னறையும் தாங்காது, நீங்களும் தாங்கமாட்டீர்கள். வாங்க வேண்டியது நாலு கோடு நோட்டு, ஆறு சிலேட்டு, ஒரு கரும்பலகை. புரொஜெக்டர் எல்லாம் வேண்டாம். பிஸ்கட் உறை, தேயிலைப் பாக்கெட், மாத்திரை அட்டை, வனத்துறை எச்சரிக்கைப் பலகை, பழைய ஆங்கில நாளிதழ் என வாசிக்கப் பொருள் நிறைய இருக்கிறது. மாத்திரை அட்டையில் காலாவதி தேதியைக் கண்டுபிடித்துச் சொன்ன ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கு அன்றைக்கு வீட்டில் கிடைத்த மரியாதையே வேறு.

மூன்று மாதத்தில், "இன்னும் பேசலையே டீச்சர்" என்று வருவார்கள். தடுமாறாமல் வாசிக்க ஒரு வருடம், பயமில்லாமல் பேச அதற்கு மேல் என்று சேர்க்கும் அன்றே சொல்லிவிடுங்கள்.

எப்போது நிறுத்துவது

இதை யாரும் சொல்லித் தருவதில்லை. பிள்ளை இதுவரை பார்க்காத ஒரு பக்கத்தை, நாளிதழிலிருந்தோ வேறு புத்தகத்திலிருந்தோ எடுத்துக் கொடுங்கள். தானாக வாசித்து, புரியாத சொல்லை மட்டும் கேட்டால் டியூஷனை நிறுத்திவிடலாம். மாதம் 400 ரூபாய் போகும்தான். நான் நிறுத்தியபோது ஒரு அம்மா சண்டைக்கே வந்துவிட்டார். "அப்போ நாளையிலேர்ந்து சாயங்காலம் அவன் என்ன செய்வான்?" என்றார். அவர் தோட்டத்திலிருந்து வர ஆறு மணி ஆகும், பிள்ளை தனியாக இருப்பான் என்பது அவருடைய கவலை. அதன்பிறகு அவனைக் காசு வாங்காமல் வரச்சொல்லி, சின்னப் பிள்ளைகள் வாசிப்பதை உட்கார்ந்து கேட்கும் வேலையைக் கொடுத்தேன். இப்போது அப்படி ஆறு பேர் இருக்கிறார்கள். மே மாதம் பலாக்காய் இறக்குவதும் அவர்கள்தான்.